மெயின் சுவிட்ச் வரை அவர்கள், அதற்குப் பிறகு நாம்: ராமநாதபுரம் கடலோர மின்சேவை, ஒரு மதிப்பீடு

தொண்டியில் இருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் வீட்டுக்குக் கரண்ட் தரும் கடை ஒன்றே ஒன்றுதான். 2024-ல் பெயர் மாறி தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆகிவிட்டது. ஊர் வாயில் இன்னும் ஈபிதான். சரக்கு பிடிக்கவில்லை என்று அடுத்த கடைக்குப் போக வழியில்லாததால், இந்தக் கடையில் எதற்கு எவ்வளவு காசு, எது கெட்டால் யார் செலவு என்பது தெரிந்திருந்தால்தான் பிழைப்பு நடக்கும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், வழுதூரில் எரிவாயு மின்நிலையம் எல்லாம் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன, அப்புறமும் ஏன் கரண்ட் போகிறது என்று டீக்கடையில் கேட்பார்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் ஏறி மாநிலம் முழுக்கப் போகிறது. நம் தெரு இருட்டாவது தெருமுனை டிரான்ஸ்பார்மரிலும் கம்பத்திலும்.

முதலில் பில். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், இது 2016-ல் வந்தது. 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய் படியே காணாமல் போகும். 101-லிருந்து 400 வரை முழுவதும் 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

பலருக்கு இடிக்கும் இடம் இந்த 500. சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 235, 940, 630 சேர்த்து 1,805 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 1,410, 630, 8.40 சேர்த்து 2,048 ரூபாய் 40 காசு. கடைசி ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! மீட்டர் ஓடுகிறது, ரீடிங் எடுப்பவர் தப்பாக எழுதிவிட்டார் என்று பிரிவு அலுவலகத்துக்குப் போகும் சண்டைகளில் பல இந்தப் படி தாண்டிய கதையாகத்தான் இருக்கும். அதனால் ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பு மீட்டரைப் பார்த்துவிடுங்கள். மின் அட்டையில் இருக்கும் கடைசி ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள். 430, 440 என்று நின்றால் மீதி நாளை அளந்து ஓட்டலாம். மீட்டர் திரையில் தேதி, நேரம், வோல்ட் என்று பல எண்கள் மாறி மாறி வரும். கே.டபிள்யூ.எச். என்ற எழுத்தோடு வருவதுதான் யூனிட். தேதி தள்ளிப்போய் 70-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் யூனிட் கூடி அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அப்படி நேர்ந்தால் கேட்பதற்குக் கையில் ஒரு சாட்சி வேண்டும், எனவே 60-ஆம் நாள் மீட்டர் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூனிட்டைக் குறைக்க ஏ.சி.யை மட்டும் முறைப்பது இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பொருந்தாது. ஆண்டு முழுக்க ஓடுவது மின்விசிறி. பழைய விசிறி 75 வாட். நாளுக்கு 20 மணி நேரம், 60 நாள் என்றால் 90 யூனிட். 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி அதே வேலையை 36 யூனிட்டில் முடிக்கும். 520 யூனிட் ஓடும் வீட்டில் இரண்டு விசிறியை மாற்றினால் 412-க்கு வரும். பில் 2,208 ரூபாயிலிருந்து 1,250 ரூபாய் 60 காசுக்கு இறங்கும். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தொட்டி நிரம்பி வழிவதை யாரும் பார்க்காத வீட்டில் தண்ணீரோடு அந்த 4.70-ம் வழிகிறது.

மீட்டர் மீதே சந்தேகம் இருந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. மெயின் சுவிட்சை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எல்லாச் சுவிட்சையும் அணையுங்கள், பிளக்குகளைப் பிடுங்குங்கள். அப்போதும் மீட்டரின் சிவப்பு விளக்கு துடித்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் ஈரம் ஏறிய மோட்டார் கேபிள் அல்லது மாடியில் வெயிலும் உப்பும் தின்ற வயர். கசிவு இல்லை என்றால் 1000 வாட் அயர்ன்பாக்ஸ் ஒன்றை மட்டும் போடுங்கள். மீட்டர் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், அயர்ன்பாக்ஸ் சூடேறிக்கொண்டிருக்கும் நிமிடத்தில் 53 முறை துடிக்க வேண்டும். வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய வரலாம். 70, 80 என்று போனால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். மீட்டர் பழுதானது உறுதியானால், பழுதாவதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்துத்தான் அந்தக் காலத்துக்குக் கணக்குப் போட வேண்டும் என்று தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு சொல்கிறது. மனம்போன ஒரு தொகையை யாரும் எழுத முடியாது.

வாடகை வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே இணைப்பில் நான்கு வீட்டை ஓட்டி, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வசூலிக்கும் இடங்களில் உங்கள் 100 இலவச யூனிட் உங்களுக்கு வருவதில்லை. நான்கு வீட்டு யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல் படிக்கு ஏறிவிடும். தனி இணைப்புக் கேட்டு வாங்குவதே கணக்குக்கு நல்லது. ராமேஸ்வரத்தில் வீட்டு இணைப்பிலேயே யாத்ரீகர்களுக்கு அறை விடுகிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை: சோதனையில் பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. எப்போதிருந்து அப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குப் போடுவார்கள். வணிக இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது, கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் உண்டு. அதைச் சேர்த்துத்தான் அறை வாடகை வைக்க வேண்டும்.

பில்லைப் பொறுத்தவரை சேவைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். படிகளைத் தெரிந்துகொண்டால் மறைவாக எதுவும் இல்லை. குறை என்னவென்றால், இந்த 500 பள்ளத்தை எச்சரிக்கும் ஒரு வரி குறுஞ்செய்தி ரீடிங் தேதிக்கு முன்பே வந்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

இனி பழுது. கம்பம், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர், கட் அவுட் (மீட்டர் பக்கத்தில் இருக்கும் பியூஸ் கட்டை), மீட்டர் வரை கழகத்தின் பொறுப்பு. நீங்கள் வைத்திருக்கும் மெயின் சுவிட்சுக்குள் வயர் நுழையும் முனைதான் எல்லை. அங்கிருந்து உள்ளே வயரிங், எம்.சி.பி. (சுமை மீறினால் தானாக விழும் சுவிட்ச்), எர்த் குழி எல்லாம் வீட்டுக்காரர் செலவு. இணைப்பு வாங்கும்போது நீங்கள் காசு கட்டியிருந்தாலும் சர்வீஸ் லைன் கழகத்தின் சொத்தாகவே இருக்கும். ஆகவே, 'வயர் போயிருச்சு, கடையில வாங்கிட்டு வாங்க' என்று யாராவது சொன்னால் மதிப்பீடும் ரசீதும் எழுத்தில் கேளுங்கள். கேட்டாலே பேச்சு மாறும். மீட்டர் உங்கள் சுவரில் இருப்பதால் அதைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமை உங்களுடையது. உங்கள் தவறால் எரிந்ததாக முடிவானால் விலை உங்கள் தலையில். தானாகப் பழுதானால் கழகமே மாற்றித் தரும். அளவுக்கு மீறிய சுமையும், மெயின் சுவிட்ச் பக்கத்தில் தளர்ந்த ஸ்குரூவும்தான் வழக்கமாகப் பழி வாங்குபவை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெள்ளையடிப்பதுபோல, ஆண்டுக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் சுவிட்ச் முனைகளை முறுக்கிக்கொள்வது மலிவான காப்பீடு. மீட்டர் பக்கம் சீல் இருக்கும், அதை நீங்களும் தொடக்கூடாது, அவரும் தொடக்கூடாது.

கரண்ட் போனால் முதல் ஐந்து நிமிடம் இப்படிப் போகட்டும். பக்கத்து வீட்டையும் தெருவிளக்கையும் பாருங்கள். தெரு முழுக்க இருட்டு என்றால் மேலே எங்கோ, உங்களால் ஆவது ஒன்றுமில்லை. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு வீதம் இருட்டாக இருந்தால் டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸ் (கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பியில் ஒன்று) பியூஸ் போயிருக்கிறது. வீடுகளை ஆர், ஒய், பி என்று மாற்றி மாற்றி மூன்று பேஸில் இணைத்திருப்பதால் அப்படித் தெரியும். உங்கள் வீடு மட்டும் என்றால் மீட்டர் திரையைப் பாருங்கள். திரை எரிகிறது, வீட்டில் கரண்ட் இல்லை: பழுது உங்கள் பக்கம், ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) அல்லது எம்.சி.பி. விழுந்திருக்கும். திரையும் செத்துவிட்டது: கட் அவுட்டோ சர்வீஸ் வயரோ கம்பத்து முனையோ, அவர்கள் பக்கம். ஆர்.சி.சி.பி. ஏற்றியதும் மறுபடி விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, அதை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த வரியில் கசிவு. இரண்டு முறைக்கு மேல் அடம்பிடித்து ஏற்றாதீர்கள்.

இன்னொரு அறிகுறி மிக ஆபத்தானது. ஒரு வீட்டில் விளக்கு கண்ணைப் பறிக்கும்படி எரிகிறது, இன்னொரு வீட்டில் மங்கிப்போகிறது, விசிறி பறக்கிறது. இது நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்ததன் அடையாளம். 240 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி, 415 வரை கூடப் போகலாம். யோசிக்காமல் மெயினை அணையுங்கள், பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள். ஃபிரிட்ஜும் டிவியும் பற்றிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

கடலோரத்தில் இந்த நியூட்ரல் அடிக்கடி ஏன் போகிறது? உப்புக் காற்றில் அலுமினியக் கம்பி வெள்ளை மாவாகப் பூத்துவிடும். அலுமினியமும் செம்பும் முறுக்கிய இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அந்த மூட்டு ஒரு சின்ன மின்கலம்போல ஆகி அலுமினியத்தைத் தின்றுவிடும். வெறும் முறுக்கில் பிணைத்த மூட்டு கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் பல ஆண்டு தாங்குமென்றால், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். இரு உலோக லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பாக இருக்கும் இணைப்பு முனை) போட்டு, காண்டாக்ட் கிரீஸ் தடவி, இறுக்கிக் கட்டினால்தான் நிற்கும். சர்வீஸ் மாற்ற வருகிறவரிடம் இதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். உங்கள் பக்கம் மீட்டர் பெட்டி இரும்பாக இருந்தால் கீல் முதலில் துருப்பிடிக்கும், பின்பு அடித்தகடு. பாலிகார்பனேட் பெட்டியும் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவும் வையுங்கள். கடலைப் பார்த்த சுவரில் வைக்காதீர்கள்.

இன்னொரு கடற்கரைச் சங்கதி பீங்கான் வெடிப்பது. கம்பத்தின் மேல் இருக்கும் இன்சுலேட்டரில் உப்பு பொடியாகப் படியும். ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து லைன்களில், மார்கழி, தையில் வாடை வீசும்போது வடகடல் (பாக் விரிகுடா) பக்கத்தில். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. விடியற்காலைப் பனியோ லேசான தூறலோ விழுந்து அது ஈரமானதும் பீங்கானின் மேல்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து, 'சுர்' என்ற சத்தமும் நீல வெளிச்சமும் வரும், லைன் டிரிப் ஆகும். கொட்டும் மழை இதைக் கழுவிவிடுவதால் பெருமழை நாளைவிட முதல் தூறல் நாளில்தான் இந்தவகைத் தடை அதிகம். 'சொட்டு மழைக்கே கரண்ட் போகுது' என்ற கேலிக்கு உண்மையான காரணம் இதுதான். மழைக்காலம் தொடங்குமுன் பீங்கானைத் துடைப்பது, கீறல் விழுந்ததை மாற்றுவது, பாலிமர் இன்சுலேட்டர் போடுவது எல்லாம் கழகத்தின் வேலை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு எடுக்கும் நிறுத்தம் இதற்காகத்தான். அன்று சபிக்காமல், எந்தக் கம்பத்தில் இரவில் பொறி தெரிகிறது என்று முந்தின நாளே எண்ணோடு சொல்லிவிட்டால் அந்த நிறுத்தம் உருப்படியாகும். கம்பத்தில் பெயின்டில் எண் இருக்கும்.

தென்னை, பனை மட்டை கம்பியில் உரசினால் மரம் உங்களுடையது, கம்பி அவர்களுடையது. வெட்டச் சொல்லிக் கேளுங்கள். லைன் நிறுத்தாமல் நீங்களே தொரட்டியால் இழுப்பது பச்சை மட்டையோடு உயிரையும் இழுப்பதாகும். கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் சீமைக்கருவேலம் ஏறிப் படர்ந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

புகார் செய்யும் வழி முன்பைவிட வெகுவாகத் தேறியிருக்கிறது. மின்னகம் 94987 94987, இரவு பகல் எடுக்கிறார்கள், புகார் எண் தருகிறார்கள். 1912-க்கும் அடிக்கலாம். மின் அட்டையில் இருக்கும் இணைப்பு எண்ணைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 'கரண்ட் இல்லை' என்பதோடு நிறுத்தாமல் எத்தனை வீடு, எந்தக் கம்பம், பொறியா சத்தமா, மீட்டர் திரை எரிகிறதா என்று சொன்னால் லைன்மேன் சரியான சாமானோடு வருவார். பாதி நேரம் வீணாவது, பியூஸ் என்று நினைத்து வந்தவர் சர்வீஸ் வயருக்காக மறுபடி ஆபீசுக்குத் திரும்புவதில்தான். கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள். ஈர உப்பு மண்ணில் காலடிக்குக் காலடி வோல்டேஜ் மாறும்.

ஆனால் 'எப்போது வரும்' என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைப்பதில்லை. புகார் எண் வருகிறது, காரணமும் நேரமும் வருவதில்லை. இந்த மதிப்பீட்டில் பெரிய குறை இதுவே. ஐஸ் பெட்டியில் மீன் வைத்திருப்பவருக்கு, நான்கு மணி நேரம் என்று தெரிந்தால் ஐஸ் வாங்கலாம், அரைமணி என்று தெரிந்தால் காத்திருக்கலாம். தெரியாதபோது இரண்டும் நஷ்டம்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு செயல்திறன் விதிகளில் ஒவ்வொரு வகைப் பழுதுக்கும் நேர வரம்பு உண்டு. டிரான்ஸ்பார்மரே மாற்ற வேண்டியிருந்தால் 48 மணி நேரம். வரம்பு மீறினால் ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் 50 ரூபாய், அதிகபட்சம் 250. தொகை ஒரு கிலோ மீனுக்குக்கூடக் காணாது, ஆனாலும் எழுதிக் கேட்டால் தாமதம் பதிவாகும். புயல், வெள்ளக் காலத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. பில்லிலோ பழுதிலோ பிரிவு அலுவலகத்தில் தீராததை ராமநாதபுரம் வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு எழுதலாம், வக்கீல் தேவையில்லை. அங்கும் சரிவராவிட்டால் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். போட்டோ, புகார் எண், தேதி மூன்றும் இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் கல்யாண மண்டபம், ஐஸ் கம்பெனி, லாட்ஜ்காரர்கள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றோடொன்று சேராமல் மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் ஓட்டினால், உங்கள் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி மேலே ஏறிப்போய்க் கம்பத்தில் இருக்கும் லைன்மேனைக் கொல்லும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. மாடியில் சோலார் போடுகிறவர்களுக்கு பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பில் குறையும். ஆனால் பேட்டரி இல்லாத சோலார், லைன் போனால் தானும் நின்றுவிடும், அதே லைன்மேனின் பாதுகாப்புக்காகத்தான். தாங்கு சட்டம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த இரும்பு தென்கடல் காற்றுக்கு நிற்காது.

எர்த்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்திய தரநிலைப்படி குறைந்தது 38 மி.மீ. விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட ஜி.ஐ. குழாய். ஊருக்கு உள்ளே குழியில் உப்பும் கரியும் கொட்டுவார்கள். கடற்கரை மண்ணில் உப்பு ஏற்கெனவே இருப்பதால், மேலும் கொட்டினால் குழாய்தான் சீக்கிரம் அரிக்கும். செம்பு பூசிய தண்டு நீடித்து உழைக்கும். மணல்மேட்டு வீடுகளில் சித்திரை வெயிலில் மேல்மணல் காய்ந்து எர்த் பலவீனமாகும். நீர்மட்டம் தொடும் ஆழம் வரை இறக்குங்கள், கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் எப்படி இருந்தாலும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு இந்த ஈரக் காற்றில் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உப்பில் இறுகிப் போன ஆர்.சி.சி.பி. அவசரத்தில் விழாது.

2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதுபோல வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால், வடிந்ததும் கரண்ட் வந்துவிட்டது என்று மெயினைத் தூக்காதீர்கள். நனைந்த பிளக் பாயின்ட்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, எலக்ட்ரீஷியன் மெக்கர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபின் ஏற்றுங்கள். கடல் தண்ணீரில் முங்கிய எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் காயவைத்துப் பயன்படுத்தவே வேண்டாம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.